55இல் வந்த கடிதமும் அசையாத அடிப்படைச் சம்பளமும்

மட்டக்களப்பில் கல்யாணப் பேச்சுக்குப் போனால், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பார்கள். "கவுண்மேந்து" என்று பதில் வந்தால் அடுத்த பேச்சு வளவு, வீடு என்று போகும். "கம்பனி" என்றால், "பென்சன் இருக்கோ?" என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்று கேட்கிறவருக்கே தெரியும். இருந்தாலும் கேட்பார்கள்.

பென்சன் இல்லாத எங்களுக்கு இருப்பது மூன்று காசு: ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி), போகும்போது முதலாளி தரும் பணிக்கொடை. இந்த மூன்றும் கடைசியில் எவ்வளவாக வரும் என்பது ஓய்வு பெறும் நாளில் முடிவாவதில்லை, அதற்கு 10, 15 வருடம் முன்பே சம்பளப் பட்டியலில் முடிவாகிவிடுகிறது. 28 வருடம் ஒரே கம்பனியின் கணக்குப் பகுதியில் இருந்து அந்தப் பட்டியலைப் போட்டவள் நான். அரிசி மில், மொத்த வியாபாரம், லொறிகள் என்று பரந்த குடும்ப வியாபாரம் அது. பெயர் தேவையில்லை, ஏனென்றால் எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கம்பனிகள் நிறைய உண்டு. யார் எந்த வயதில் போனார்கள், எவ்வளவு வாங்கிக்கொண்டு போனார்கள் என்ற வவுச்சர்களை நான்தான் எழுதினேன். பிறகு என் முறை வந்தது.

2022 தொடக்கத்தில் எனக்கு ஒரு கடிதம் கிடைத்தது. மார்ச்சில் 55 வயது நிறைவதால் நியமனக் கடிதத்தின்படி ஓய்வு பெறுகிறீர்கள், இவ்வளவு கால சேவைக்கு நன்றி என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். 1996இல் தந்த நியமனக் கடிதத்தில் ஓய்வு வயது 55 என்று இருந்தது உண்மைதான். அந்தக் காலத்தில் தனியார் துறைக்குச் சட்டத்தால் வகுத்த ஓய்வு வயது என்று ஒன்று இருக்கவில்லை. நியமனக் கடிதத்திலோ தொழிற்சங்கத்தோடு செய்த கூட்டு உடன்படிக்கையிலோ என்ன இருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் 55 என்று போடுவார்கள்.

ஆனால் அந்தக் கடிதம் என் கைக்கு வரும்போது சட்டம் மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தொழிலாளர்களின் ஆகக்குறைந்த ஓய்வு வயதுச் சட்டம் 2021 நவம்பர் 17இல் நடைமுறைக்கு வந்தது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். அந்தத் திகதியில் 52 வயது ஆகாதவர்களுக்கு ஓய்வு வயது 60. 52 முடிந்தவர்களுக்கு 59, 53 முடிந்தவர்களுக்கு 58, 54 முடிந்தவர்களுக்கு 57. நியமனக் கடிதத்தில் 55 என்று இருந்தாலும் வயதைக் காட்டி அதற்கு முன் அனுப்ப முடியாது. எனக்கு அப்போது 54 முடிந்திருந்தது. ஆகவே 57.

இதில் ஊரில் பெரிய குழப்பம் ஒன்று நடந்தது. அதே நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியருக்கு 65 என்றார்கள். அடுத்த வருடம் அதைத் திரும்ப 60 ஆக்கி, 60 தாண்டிய எல்லாரையும் 2022 டிசம்பர் 31ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள். "எல்லாத்தையும் கென்சல் பண்ணிட்டாங்களாம், பழையபடி 55தானாம்" என்று எங்கள் மில்லில் ஒருவர் என்னிடம் நிச்சயமாகச் சொன்னார். அரச சுற்றுநிருபம் அரச ஊழியருக்கு மட்டும். தனியாருக்கு வந்த சட்டம் அப்படியேதான் இருக்கிறது. இன்னமும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிற ஆட்களைச் சந்திக்கிறேன்.

சின்ன முதலாளி நல்ல பிள்ளை. கடிதத்தைத் தந்த கையோடு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மிஸ், உங்களப் போகச் சொல்லல்ல. மார்ச்சோட ரிட்டையர் ஆகுங்க, ஏப்ரல்ல இருந்து கொன்ட்ராக்ட்ல வாங்க. அதே மேசை, அதே வேலை."

"சம்பளம், தம்பி?"

"அது கொஞ்சம் குறையும். வருசா வருசம் புதுப்பிப்பம்."

இந்த 'அதே மேசை, அதே வேலை' எனக்குப் புதிதில்லை. 2014இல் எங்கள் ஸ்டோரில் இருந்த பெரியவர் ஒருவருக்கும் இதே ஏற்பாடுதான் செய்தார்கள். 55இல் ஓய்வு, மறு வாரமே நாட்சம்பளத்தில் திரும்ப வேலை. பழைய சேவைக்கான பணிக்கொடையை ஐந்து தவணையாகக் கொடுத்தார்கள். மறுகா ஏழு வருடம் அதே ஸ்டோர்ச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. இறங்கிப் போகும்போது அந்த ஏழு வருடத்துக்கு ஒன்றும் இல்லை என்றார்கள், 'கொன்ட்ராக்ட் ஆள்' என்ற காரணத்தோடு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தால் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. நாட்சம்பளத்துக்கென்றே தனிக் கணக்கு அதில் எழுதியிருக்கும்போது, நாட்சம்பளக்காரருக்கு இல்லை என்பது எப்படி? அந்த ஏழு வருட செக்ரோலில் (நாட்சம்பளப் பதிவில்) அவர் பெயர் மாதம் தவறாமல் இருந்ததால் தொழில் அலுவலகத்தில் அது எடுபட்டது. இடையில் மாதக்கணக்கில் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் சேவை தொடர்ச்சியா இல்லையா என்று இழுபட்டிருக்கும். 11 மாதக் கொன்ட்ராக்ட், ஒரு மாத இடைவெளி, திரும்ப 11 மாதம் என்று சில இடங்களில் போடுவதன் நோக்கமும் இதுதான்.

ஆகவே நான் சின்ன முதலாளிக்கு வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு சின்னக் கடிதம் எழுதினேன். என் பிறந்த திகதி, சட்டத்தின் இலக்கமும் வருடமும், சட்டம் வந்த அன்று என் வயது, அதன்படி எனது ஓய்வுத் திகதி 2024 மார்ச் என்ற விபரம், பிறப்புச் சான்றிதழின் பிரதி. அவ்வளவுதான். கோபமான ஒரு சொல்லும் இல்லை, நன்றி கூறி முடித்தேன். ஒரு பிரதியில் ஒபிஸ் முத்திரை குத்தித் திகதி போட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு கிழமை போல ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. கம்பனி லோயரிடம் கேட்டிருப்பார்கள் போல. பிறகு, "சரி மிஸ், 57 வரைக்கும் இருங்க" என்றார்.

இங்கே ஒரு விசயம் முக்கியம். முதலாளிமார் சிலர் ஓய்வுக் கடிதம் தருவதே இல்லை. "நீங்களே விலகுறதா ஒரு கடிதம் தாங்க, உங்களுக்கும் மரியாதை" என்பார்கள். விலகினாலும் பணிக்கொடை வரும், அது சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் நீங்களாக விலகிய பிறகு வயதைக் காட்டி அனுப்பினார்கள் என்று முறைப்பாடு செய்ய இடமில்லை. அந்த ஒரு தாளோடு மிச்சமிருந்த வருடங்கள் போய்விடும். மரியாதை என்ற சொல் வரும் இடத்தில் பேனாவை மூடி வைப்பது நல்லது.

வயதுப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. அதைவிடப் பெரியது சம்பளப் பிரச்சினை. அதற்குச் சட்டத்தில் நேரடியான மருந்து கிடையாது.

பணிக்கொடையைக் கடைசியாக எடுத்த சம்பளத்தில்தான் கணக்கிடுவார்கள். அதுவும் மொத்தச் சம்பளம் இல்லை. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, அதைப் போன்ற படிகள் மட்டும். ஓவர் டைம் சேராது, போக்குவரத்துக்குத் தரும் காசு சேராது, 'இன்சென்டிவ்' என்று தருவதைச் சேர்க்கமாட்டார்கள். இப்போது முதலாளியின் கதிரையில் இருந்து யோசியுங்கள். 25 வருடம் வேலை செய்த ஒருவரின் அடிப்படை 30,000 ரூபா என்றால் பணிக்கொடை 15,000 பெருக்கல் 25, அதாவது 3,75,000. அவருக்கு 6,000 ரூபா கூட்டினால் 18,000 பெருக்கல் 25, அதாவது 4,50,000. மாதம் 6,000 கூட்டியவுடனே, எப்போதோ முடிந்துபோன 25 வருடத்துக்கும் சேர்த்து 75,000 ரூபா கடன் ஏறுகிறது. புதிதாக வந்த பிள்ளைக்கு அதே 6,000 கூட்டினால் ஒன்றும் ஏறாது.

பழைய ஆட்களின் அடிப்படைச் சம்பளம் ஏன் கல்லு மாதிரி அசையாமல் கிடக்கிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலாளிக்கு அவர்களைப் பிடிக்காமல் இல்லை. இந்தப் பெருக்கல்தான் காரணம். கூட்ட வேண்டி வந்தால் அடிப்படையில் கூட்டாமல் 'வருகைப்படி', 'போக்குவரத்து' என்று பக்கத்து நிரலில் போடுவார்கள். அந்த நிரல்களைக் கீறியவள் நான் என்பதால் எனக்குத் தெரியும். கையில் வருகிற காசு அன்றைக்கு ஒன்றுதான், ஆகவே ஒருவரும் கேட்கமாட்டார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம் வரை போனபோது எங்கள் கம்பனியும் எல்லாருக்கும் ஏதோ கூட்டியது. இளம் ஆட்களுக்கு அடிப்படையில், எங்களைப் போன்ற நாலைந்து பேருக்கு இன்சென்டிவில்.

அதனால் ஈ.பி.எப்.இலும் அடி விழும். உங்களிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், ஈ.டி.எப்.க்கு முதலாளியிடம் இன்னும் 3 வீதம். 50,000 ரூபா வாங்கும் ஒருவருக்கு 30,000க்கு மட்டும் கட்டினால், முதலாளி போட வேண்டிய 12 வீதத்தில் மட்டும் மாதம் 2,400 ரூபா குறைகிறது. வட்டியோடு 15 வருடத்துக்கு அதைப் போட்டுப் பாருங்கள், நான் போட்டுப் பார்த்து அன்றிரவு சாப்பிடவில்லை. சாப்பாட்டுப் படி, கொமிசன், லீவுச் சம்பளம் இவையும் ஈ.பி.எப்.க்கு உரிய சம்பளத்தில் சேரும். ஓவர் டைம் சேராது. ஆகவே பணிக்கொடைக்கு ஒரு கணக்கு, ஈ.பி.எப்.க்கு ஒரு கணக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் போய் வாதாடினால் நாம்தான் மாட்டுவோம்.

நான் சின்ன முதலாளியிடம் இதைப் பற்றிப் பேசினேன். சட்டத்தைக் காட்டவில்லை, காட்ட ஒரு சட்டமும் இல்லை. வருடா வருடம் அடிப்படையைக் கூட்டியே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. என் வேலையை மட்டும் காட்டினேன். வற் கணக்கு, வங்கிக் கடன் புதுப்பிப்பு, வருட முடிவு என்று நான் இல்லாவிட்டால் வெளியே கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு, அதற்குக் கொழும்பில் என்ன கேட்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்சென்டிவில் பாதி அடிப்படைக்கு வந்தது. முழுவதும் வரவில்லை. பக்கத்து மேசைத் தம்பிக்கு என் மேல் கொஞ்சம் மனத்தாங்கல். "நீங்க போனாத்தானே அக்கா எனக்கு அந்த இடம்" என்று பகிடியாகத்தான் சொன்னான், ஆனால் அது பகிடி இல்லை. அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வயதுச் சட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

முதலாளி பக்கம் ஒரு நியாயமும் உண்டு. பணிக்கொடைக்கென்று மாதாமாதம் காசை வெளியே ஒரு நிதிக்குக் கட்டும் முறை நம் நாட்டில் கட்டாயமாக இல்லை. ஈ.பி.எப். மாதிரி இல்லாமல், ஒருவர் போகும்போதுதான் அந்தக் காசு தேடப்படுகிறது. டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்ற வருடத்தில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பணிக்கொடை கொடுப்பது சின்ன விசயமில்லை. தொழில் நடத்துகிற யாராவது இதை வாசித்தால், ஆளுக்கு வருடம் அரை மாதச் சம்பளம் என்று ஒதுக்கித் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வருட முடிவுக் கணக்கில் ஒதுக்கீடு என்று எழுத்தில் காட்டுவது காசாகாது.

சரி, கடைசி நாளுக்கு வருவோம். வேலை முடிந்து 30 நாளுக்குள் பணிக்கொடை கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம்: ஒரு மாதம் வரை பிந்தினால் 10 வீதம், மூன்று மாதம் வரை 15, ஆறு மாதம் வரை 20, ஒரு வருடம் வரை 25, அதற்கு மேல் 30. தவணையில் தருகிறோம் என்று முதலாளி சொல்லும்போது இந்த அட்டவணையைத் தெரிந்து வைத்திருப்பது பேச்சின் தொனியையே மாற்றிவிடும். எனக்குச் சில நாள் பிந்தித்தான் காசோலை கிடைத்தது. 10 வீதம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அது அந்த வீட்டோடு எனக்கிருந்த பழக்கம். நீங்கள் கேளுங்கள்.

காசோலையோடு ஒரு தாளும் நீட்டுவார்கள், 'எனக்குரிய எல்லாக் கொடுப்பனவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று. கணக்குப் பார்க்காமல் அதில் கையெழுத்து வைக்க வேண்டாம். பெற்ற தொகையையும் அது எதற்கான தொகை என்பதையும் மட்டும் எழுதிக் கையெழுத்திடலாம்.

ஸ்டோர், காசு, லொறி பொறுப்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மோசடி, கையாடல், வேண்டுமென்று செய்த சேதம் இவற்றால் வேலை நிறுத்தப்பட்டால், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. இதை வைத்துத்தான் கடைசி மாதத்தில் திடீரென்று 'ஸ்டொக் குறையுது' என்ற கதை வரும். போவதற்கு முன் ஸ்டொக்கை எண்ணி, பொறுப்பெடுப்பவரின் கையெழுத்தோடு ஒரு பட்டியல் வாங்கிவிடுங்கள். மூடை எத்தனை, கிழிந்தது எத்தனை, தராசு எந்த நிலையில் என்பது வரை எழுதுங்கள்.

ஈ.பி.எப். எடுப்பதற்கு ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 என்ற பழைய வயது அப்படியே இருக்கிறது. வேலையை விட்டு ஓய்வு பெற்றதும் விண்ணப்பிக்கலாம். காசு மத்திய வங்கியில், விண்ணப்பம் தொழில் திணைக்களத்தில். இங்கே இழுபடுவது காசால் இல்லை, பெயரால். நான் சொன்ன ஸ்டோர்ப் பெரியவருக்கு இரண்டு அங்கத்துவ இலக்கம், மில்லுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று. ஒன்றில் முதலெழுத்தோடு பெயர், மற்றதில் தகப்பன் பெயர் முழுதாக, அடையாள அட்டையில் மூன்றாவது விதமாக ஆங்கில எழுத்துக்கூட்டல். அவருடைய பழைய பி கார்ட் (ஈ.பி.எப். அங்கத்துவ அட்டை) கல்லடி வீட்டோடு 2004 சுனாமியில் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழ், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், கம்பனிக் கடிதம் எல்லாம் சேர்த்துத்தான் மூன்று பெயரும் ஒரே ஆள் என்று நிறுவினோம். அந்தக் கடிதத்தை அடித்தவள் நான். அடிக்கும்போதே மற்ற எல்லாருடைய பெயரையும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தத் தொடங்கினேன். உங்கள் கம்பனியில் அப்படி ஒருவர் இல்லையென்றால் 40 வயதிலேயே நீங்களே செய்துவிடுங்கள். முதலாளி உங்களிடம் பிடித்த 8 வீதத்தைக் கட்டினாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதக் காசையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும் என்பது விதி.

நான் போன பிறகு சம்பள உலகம் இன்னும் மாறிவிட்டது. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. நல்ல விசயம். ஆனால் நேற்று வந்த பிள்ளைக்கே 30,000 என்றால் 20 வருட மில் ஓப்பரேட்டருக்கு எவ்வளவு? அவருடைய அடிப்படையும் 34, 35 என்று அங்கேயே நிற்கிறது. ஆகக்குறைந்தது ஏறும்போதெல்லாம் மேலே உள்ளவர்களுக்கும் அதற்கேற்ப ஏற வேண்டும் என்று பேச ஒரு தொழிற்சங்கமும் இங்கே மில்களுக்குள் வந்ததாக நான் காணவில்லை.

என்னிடம் இப்போது கூடுதலாக வருகிற கேள்வி 15 பேர் பற்றியது. வயதுச் சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் 15 பேர் இருந்தால்தான் பொருந்தும் என்பதால், ஒரே வளவுக்குள் மில் அண்ணன் பெயரில், லொறி தம்பி பெயரில், கடை மனைவி பெயரில் என்று பிரித்து ஒவ்வொன்றிலும் 12, 13 பேரைக் காட்டுகிறார்கள். அப்படியான இடத்தில் வேலை செய்கிறவர்கள், யார் கட்டளையில் வேலை செய்தீர்கள், சம்பளம் யார் கையால் வந்தது, ஒரே ஆட்கள் மூன்று இடத்திலும் மாறி மாறி வேலை செய்தார்களா என்பதற்கு எழுத்தில் ஏதாவது வைத்திருங்கள். லொறிப் பயணக் குறிப்பு, வாட்ஸ்அப் தகவல், கையெழுத்திட்ட வரவுப் புத்தகப் பக்கத்தின் படம் எதுவாக இருந்தாலும் சரி. உண்மையிலேயே 15க்குக் குறைவு என்றாலும் கதை முடியவில்லை. கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போய்ப் பணிக்கொடை கேட்கலாம். வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஈ.பி.எப்.க்கோ இந்த 15 கணக்கே இல்லை, ஒரே ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும்.